கூட என்ன? எதற்குப் பதில்?



ஞாயிற்றுக்கிழமை மாலை. மாரெட்பள்ளியிலிருந்தும் பத்மாராவ் நகரிலிருந்தும் மல்காஜ்கிரியிலிருந்தும், ஹைதராபாதின் அந்தக் கோடியில் இருக்கும் மியாப்பூரிலிருந்து மெட்ரோ பிடித்தும்கூட வந்திருக்கிறீர்கள். நன்றி. அழைப்பிதழின் கடைசி வரியில் ‘போன மாதத்து மளிகைச் சீட்டை எடுத்து வாருங்கள்’ என்று போடச் சொல்லியிருந்தேன். ‘சொற்பொழிவுக்கு மளிகைச் சீட்டு எதற்கம்மா?’ என்று இரண்டு மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சீட்டு பத்திரமாக இருக்கட்டும்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது உணவைப் பற்றிய அறிவுரைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது. சாப்பாட்டுக்கு நம் வீட்டில் பஞ்சம் இருந்த காலம் உண்டு. சாப்பாட்டு அறிவுரைக்கு இன்று பஞ்சமே இல்லை. காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒருவர் நெய்யை நஞ்சு என்கிறார். பக்கத்திலேயே இன்னொருவர் நெய்யை மருந்து என்கிறார். சோற்றை விடு, சிறுதானியம் சாப்பிடு என்கிறார் ஒருவர். முட்டையின் மஞ்சளை எடுத்துவிடு என்று நேற்று சொன்னார்கள்; சேர்த்துச் சாப்பிடு என்று இன்று சொல்கிறார்கள். நாலு பேருக்குச் சமைக்கிற ஒரு தாய் எதை எடுப்பாள், எதை விடுவாள்? குழம்பிப் போய் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று விட்டுவிடுகிறாள். அந்தச் சலிப்புதான் எனக்குக் கவலை. முப்பது ஆண்டு மனையியல் பாடம் நடத்தியவள் நான். நல்ல அறிவுரை இருக்கிறது. அதைப் பொறுக்கி எடுக்க வழியும் இருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

வழி பெரிதல்ல. இரண்டே கேள்விகள். ஒரு பொருளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் கேளுங்கள்: அதோடு கூட என்ன? அடுத்துக் கேளுங்கள்: அது எதற்குப் பதில்? இந்த இரண்டு கேள்விகளும் என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதன் நூறாண்டு வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கிடைத்தவை.

அந்த நிறுவனம் பிறந்த ஊர் எது தெரியுமா? ஹைதராபாத் இல்லை. நம் நீலகிரி, குன்னூர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கியது. அது வளர்ந்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஹைதராபாதுக்கு வந்து, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. நம்மில் பலரைப் போலத் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே குடியேறிய நிறுவனம் அது. அதனால்தான் தார்நாகா வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் உறவு தோன்றும்.

பெரிபெரி என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தடுமாறும், இதயம் தளரும். வைட்டமின் பி1 குறைவதால் வருவது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் எங்கே அதிகம்? வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பக்கத்தில். தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் அரிசிதான் உணவு. அங்கே ஏன் அந்த அளவுக்கு இல்லை?

விடை உங்கள் வீட்டு அரிசிப் பானையில் இருந்தது. வட சர்க்காரில் ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழ் மாவட்டங்களில் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் இருக்கும் சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் எல்லாமும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. நெல் அவித்தார்கள், உயிர் காத்தார்கள்.

அப்படியானால் ‘புழுங்கல் நல்லது, பச்சரிசி கெட்டது’ என்று எழுதி ஒட்டிவிடலாமா? இந்த ஊரில் நம் அண்டை வீட்டார் எல்லாரும் பச்சரிசிதானே சாப்பிடுகிறார்கள்? இங்கேதான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். கூட என்ன? பெரிபெரி வந்த வீட்டில் பச்சரிசியோடு கூட பெரும்பாலும் வேறு எதுவுமே இல்லை. ஒரு வாய் புளி, ஒரு கல் உப்பு. பருப்பும் காயும் பாலும் இருந்த வீட்டில் அதே பச்சரிசி அந்தத் தீங்கைச் செய்யவில்லை.

மெக்காரிசன் இன்னொன்றும் செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கூண்டு ஒன்று, சுத்தம் ஒன்று, காற்று ஒன்று; சாப்பாடு மட்டும் வேறு. சீக்கியர் உணவு உண்ட எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. கடைசி இடம் யாருக்கு? மதராஸ் சாப்பாட்டுக்கு. நமக்குக் கசப்பான செய்திதான். ஆனால் பழி அரிசிக்கு மட்டும் உரியதா? சீக்கியர் தட்டில் முழுக் கோதுமை ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் முளைகட்டிய பயறும் காய்கறியும் இருந்தன. மதராஸ் தட்டில் மலை போலச் சோறு. சுற்றிலும் இருந்தவை பேருக்குத்தான். அந்தத் தட்டு நமக்கு இன்றும் அந்நியமில்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது இந்த மண்ணின் கதைக்கு வருகிறேன். மாலையானால் இந்த ஊரின் தெருவோரங்களில் பெண்கள் கையால் தட்டிச் சுடச்சுடப் போடும் ஜொன்ன ரொட்டி, நம் சோள ரொட்டி, சாப்பிட்டிருக்கிறீர்கள்தானே? இன்று அதற்கு நல்ல மதிப்பு. மருத்துவர்களே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே தெலங்கானாவில், சோளம் உண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற கொடிய நோய் இருந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருத்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போலப் புண். வயிற்றுப்போக்கு. முற்றினால் புத்தி பேதலிக்கும்.

இதை ஆராய்ந்தவர் நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1918இல் பிறந்தவர், தார்நாகா நிறுவனமும் அவரும் ஒரே வயது. நூறு வயது கடந்து 2019இல் மறைந்தார். அவரும் உடன் ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் ஓர் உண்மையை உலகுக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் பெல்லாக்ரா வந்தது மக்காச்சோளம் உண்டவர்களுக்கு. நயாசின் என்ற வைட்டமினும், உடல் அதைச் செய்துகொள்ளத் தேவையான டிரிப்டோபானும் குறைந்ததால் வந்தது என்று அங்கே கண்டிருந்தார்கள். ஆனால் நம் சோளத்தில் அவை அப்படி ஒன்றும் குறைவில்லை. பிறகு ஏன் நோய்? சோளத்தில் லூசின் என்ற புரதக்கூறு மிகுதி. அது நயாசின் வேலையைக் கெடுக்கிறது என்றார்கள். லூசின் மட்டும்தான் காரணமா என்பதில் பின்னாளில் அறிஞர்களுக்குள் விவாதம் நடந்தது. நோயாளிகள் சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகள் என்பதில் விவாதமில்லை.

பிறகு அந்த நோய் எங்கே போனது? சோளம் மாறியதைவிட, மக்களின் தட்டு அதிகம் மாறியது. 1983இல் என்.டி. ராமராவ் ஆட்சியில் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வந்தது. காய், பருப்பு, பால் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வேறு பொருள்கள் சேர்ந்தன. சோளத்தை மட்டுமே தின்று உயிர் வாழ வேண்டிய நிலை மெல்ல மெல்ல மறைந்தது. நோயும் அருகியது. நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அன்று ஏழையின் தோலை வெடிக்க வைத்த அதே சோளம் இன்று பருப்புக் கூட்டோடும் கீரையோடும் மோரோடும் வரும்போது நல்ல உணவு. தானியம் ஒன்று. கூட வந்தது வேறு.

‘கூட என்ன’ என்பதற்கு நம் அடுக்களையிலேயே இன்னொரு சாட்சி சொல்கிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த அரங்கில் இருக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல். கீரை சாப்பிடுகிறோமே, பயறு சாப்பிடுகிறோமே, பிறகு ஏன் என்கிறீர்கள். டிபன் தட்டைக் கீழே வைக்கும் முன்பே கையில் காபி டம்ளர்! நம் வழக்கம் அது. இந்த ஊருக்கு வந்து இரானி சாயையும் சேர்த்துக்கொண்டோம். காபியிலும் டீயிலும் உள்ள டானின், உணவில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடலில் சேர விடுவதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று தார்நாகா நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. காபியை விடச் சொல்லவில்லை. தள்ளி வைக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்துகொள்ளுங்கள், ஒரு கொய்யாத் துண்டு வையுங்கள். வைட்டமின் சி அதே இரும்பை உள்ளே சேர்க்கும். செலவு எவ்வளவு? ஒரு எலுமிச்சம்பழம்.

அடுத்த கேள்விக்கு வருவோம். எதற்குப் பதில்?

1950களிலும் 60களிலும் உலகம் முழுக்க ஒரே பேச்சு, புரதப் பற்றாக்குறை. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் இல்லை. புரத மாவு செய்வோம், புரத பிஸ்கட் செய்வோம் என்று பெரிய பெரிய திட்டங்கள். ஐக்கிய நாடுகள் சபையே 1968இல் புரத நெருக்கடி வருகிறது என்று எச்சரித்தது. நம் கோபாலன் என்ன சொன்னார்? நம் குழந்தைகள் உண்பது தானியமும் பருப்பும் கலந்த உணவு. அதை வயிறு நிறைய உண்டால் புரதமும் பெரும்பாலும் தன்னால் கிடைத்துவிடும். குழந்தைக்குச் சாப்பாடே போதவில்லை என்றார். பசித்த குழந்தையின் உடல், கொடுத்த புரதத்தையும் விறகாக எரித்துவிடும். சோறு கொடுக்க வேண்டிய இடத்தில் மாவு டப்பா கொடுத்து என்ன பயன்? உலகம் அதைக் கேட்கச் சில ஆண்டுகள் ஆயின. 1974இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் அந்த முழு முயற்சியையுமே பெரும் தோல்வி என்று ஓர் அறிஞர் எழுதினார்.

எதற்குப் பதில் என்ற கேள்வியைக் கேட்காவிட்டால் குழந்தையின் உயிரே போகலாம் என்பதை இந்த நகரம் அண்மையில்தான் கண்டது. வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் அமுதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதற்கு மேல் சர்க்கரை ஏறினால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஆனால் அந்தக் கரைசலின் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு பல மடங்கு சர்க்கரை உள்ள பானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. தாய் ஆசையோடு வாங்கிக் கொடுப்பாள். குழந்தை இன்னும் துவளும். இந்த ஊர்க் குழந்தை மருத்துவர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராடினார். நீதிமன்றப் படி ஏறினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய கலவை இல்லாத பானங்களில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு பெண், எட்டு ஆண்டு! எழுந்து நின்று கை தட்ட வேண்டிய செய்தி.

சரி, இன்று நம்மை அரிக்கும் நோய் எது? நீரிழிவு. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு அது இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் அறிஞர்கள் நாடு முழுக்கச் சுற்றி நடத்திய ஆய்வு. அதே குழுவினர் 2025இல் உணவைப் பற்றி வெளியிட்டதில் என்ன கண்டார்கள்? நாம் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியவர்களுக்கு, மொத்த மாவுச்சத்து குறையாதவரை, பெரிய பலன் இல்லை. அந்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, ஐந்து சதவீத ஆற்றலை, பருப்பு, பயறு, பால், தயிர் என்று மாற்றினால் ஆபத்து குறைகிறது.

மூன்று சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் ‘சோறு தொடவில்லை’ என்று நிம்மதியாகத் தூங்குகிறோமே! சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்றால் தானியத்துக்குப் பதில் தானியம். சோற்றுக்குப் பதில் சுண்டல் என்றால்தான் அது மாற்றம். வரகரிசிப் பொங்கல் என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் வரகு என்ன செய்யும் பாவம்?

இப்போது மளிகைச் சீட்டை எடுங்கள்.

2024 மே மாதத்தில் தார்நாகா நிறுவனம் இந்தியருக்கான உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. 17 நெறிகள். அதில் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. தானியம் 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் எடுத்த எடை. கிராம் கணக்கு சொன்னால் எந்தத் தாய்க்கும் பிடிக்காது. தராசு வைத்தா சமைக்கிறோம்? அதனால் நான் அதை மாதக் கணக்காக்கி வைத்திருக்கிறேன். நாலு பெரியவர்கள் உள்ள வீடு, முப்பது நாள்.

அரிசி, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து 30 கிலோ. எண்ணெயும் நெய்யும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம். அப்படியானால் மாதம் 600 கிராம். ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பதும் அதில் சேர்த்தி. ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

பருப்பும் பயறும்? பத்து கிலோ! இட்லிக்குப் போடும் உளுந்தும் தாளிக்கிற கடலைப்பருப்பும் சேர்த்துத்தான். முட்டையும் மீனும் கறியும் உண்பவர்கள் அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். நான் இத்தனை ஆண்டு மாணவிகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்த சீட்டுகளில் அரிசி மட்டும் 25 கிலோ மூட்டையாக இருக்கும். பருப்பு மூன்று கிலோ, நாலு கிலோ. கூண்டில் எலிகள் உண்ட அந்த மதராஸ் தட்டு, நூறு ஆண்டு கழித்து நம் சீட்டில் அப்படியே இருக்கிறது.

‘பத்து கிலோவுக்கு நான் எங்கே போவேன்’ என்று திகைக்க வேண்டாம். இந்த மாதம் ஒரு கிலோ கூட்டுங்கள்; அரிசியில் அதே ஒரு கிலோவைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். வழி வேண்டுமா? பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் கேளுங்கள். பெசரட்டு! முழுப் பச்சைப்பயறை ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய் வைத்து அரைத்து ஊற்றினால் தோசை. புளிக்க வைக்கவும் வேண்டாம். நம் தோசையில் அரிசி மூன்று பங்கோ நாலு பங்கோ, உளுந்து ஒரு பங்கு. பெசரட்டில் அரிசி ஒரு பிடி இருந்தால் அதிகம். இந்த ஊருக்கு வந்து நாம் கற்றுக்கொண்டவற்றில் தலை சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. உள்ளே உப்புமா வைத்துத் தராமல் இருந்தால் இன்னும் நல்லது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். புரதப் பொடி வாங்கலாமா என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். தசை வளர்க்கப் பொடி வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் தட்டைக் கூட்டிப் பாருங்கள்: 85 கிராம் பருப்பில் சுமார் 20 கிராம் புரதம். 250 கிராம் தானியத்தில் ஏறத்தாழ இன்னொரு 20. பாலில் 10. கொட்டைகளைச் சேர்க்காமலே 50 வந்துவிட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவை அவ்வளவுதான். பொடி எதற்குப் பதில் என்று கேளுங்கள் தம்பி. அம்மா செய்த சுண்டலுக்குப் பதில் என்றால், மூவாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடைக்குக் கீழே கரும்பலகை வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் தார்நாகாவின் மாதக் கணக்கு எழுதியாகிவிட்டது. வலப்பக்கம் காலியாக இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு நாலையும் எழுதிப் பார்த்துவிடுவோம். சாக்பீஸ் என் கையில் இருக்கிறது. முதல் சீட்டை யார் தருகிறீர்கள்?